குழுவினர்

திருச்சி வானொலியில் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அறிவிப்பின் ஒழுங்கு மறக்காது. படத்தின் பெயர் முதலில் வரும். பிறகு இசையமைத்தவர், பாட்டை எழுதியவர், பாடியவர். கடைசியில் மூச்சு விடுவதுபோல ஒரு சொல்: ‘குழுவினர்’. ‘பாசமலர்’ படத்தில் மணப்பெண்ணைத் தோழிகள் மணமேடைக்கு அழைத்துவரும் பாட்டுக்கும் அப்படித்தான் சொல்வார்கள்: எல்.ஆர்.ஈஸ்வரி, குழுவினர். பெரம்பலூரிலும் அரியலூரிலும் கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி ஊருக்கு முதலில் சொல்லும் செய்தியாக அந்தப் பாட்டு எத்தனை ஆண்டுகள் ஒலித்திருக்கிறது! அதில் ஈஸ்வரி ஓர் அடியை எடுத்து முடிக்க, பெண் குரல்கள் கூட்டமாக அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் கல்யாணக் களை வருகிறது. அந்தக் குரல்களுக்கு உரியவர்கள் யார் என்று அறிவிப்பாளர் சொன்னதில்லை. இசைத்தட்டும் சொல்லவில்லை.

‘பாசமலர்’ வெளிவந்தது 1961 மே மாதம். அதே ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி கடைசியில், அமெரிக்காவின் பாடல் விற்பனைப் பட்டியலில் நான்கு கறுப்பினப் பெண்கள் முதலிடத்துக்கு வந்திருந்தார்கள். நியூ ஜெர்சி மாநிலத்தின் பசேயிக் என்ற ஆலை நகரத்துப் பள்ளித் தோழிகள் அவர்கள். குழுவின் பெயர் ஷிரெல்ஸ். கறுப்பினப் பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு குழு அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. அங்கும் ஒருத்தி முன்னே பாடினாள், மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். ராக் அண்ட் ரோலின் வரலாற்றில் ‘பெண் குழுக்களின் காலம்’ என்று குறிக்கப்படும் ஐந்தாறு ஆண்டுகளின் நடுப்புள்ளி, முதலிடம் பெற்ற அவர்களுடைய அந்தப் பாட்டு.

கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே ஆண்டில் ஒரே வடிவம் மேலே வந்தது தற்செயல்தான். ஒன்று மற்றொன்றைக் கேட்டுப் பிறந்ததல்ல. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் ஒரு கேள்வி எழுகிறது. பெண்கள் கூடிப் பாடும் பாட்டு வயல் வரப்பிலும் கோயில் வாசலிலும் இத்தனை வளமாக இருந்த நம் மண்ணில், தோழிகளின் குழு ஒன்று தன் பெயரோடு மேடைக்கும் இசைத்தட்டுக்கும் ஏன் வரவில்லை? வந்த இடத்திலும் ஏன் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் நின்றுவிட்டது?

முதலில் வயலைப் பார்ப்போம். திருச்சியிலிருந்து 1995-இல் பெரம்பலூரும், பெரம்பலூரிலிருந்து 2007-இல் நிலையாக அரியலூரும் தனி மாவட்டங்களாயின. கோடு புதிது, நிலம் பழையது. பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரி: பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி. தெற்கே இறங்கினால் திருமானூரும் தா.பழூரும் கொள்ளிடக் கரையை ஒட்டிய நெல்வயல்கள். நடவுப் பாட்டின் இடம் அதுதான்.

நடவு நடும் பெண்கள் குனிந்தபடி பின்னோக்கி நகர்கிறார்கள். இடது கையில் நாற்று முடி, வலது கை பிரித்துப் பிரித்து ஊன்றுகிறது. ஒருத்தி பிந்தினால் வரிசை கோணும். பாட்டு அந்த வரிசையைக் கட்டி வைக்கும் கயிறு. பாட்டு எடுத்துக் கொடுப்பவள் குரல் கணீரென்று இருப்பவள் மட்டுமல்ல, ஞாபகமும் சமயோசிதமும் உள்ளவள். அவள் ஓர் அடியைச் சொல்கிறாள், மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அவர்கள் பாடும் அந்த நேரம்தான் அவளுக்கு மூச்சு வாங்கவும் அடுத்த அடியை யோசிக்கவும் கிடைக்கும் நேரம். பின்பாட்டு இல்லாவிட்டால் முன்பாட்டுக்காரி நான்கு அடியில் நின்றுபோவாள். ஆக, பின்னால் பாடுபவர்கள் துணைக்கு வந்தவர்கள் அல்லர். பாட்டை உண்டாக்குவதில் பாதி அவர்களுடையது. அடி பிடிக்காவிட்டால் வாங்காமல் சிரித்துவிடுவார்கள், பிடித்தால் ஒருமுறைக்கு இருமுறை வாங்குவார்கள். எந்த அடி நிற்கும், எது விழும் என்று தீர்ப்பது அந்தக் கூட்டம்தான்.

வரப்பில் குடையோடு நிற்கிற மேஸ்திரியையும் நிலக்காரரையும் சாடையாகக் கிண்டல் செய்யும் அடிகளும் அந்தப் பாட்டுக்குள் வரும். ஒருத்தி சொன்னால் அவள் கூலி போகும். இருபது பேர் சேர்ந்து பாடினால் யாரைக் கேட்பது? நடவுக் கூலிகளில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் குனிந்த தலித் பெண்களும் பிற ஏழைச் சாதிப் பெண்களும் என்பதை நினைத்தால், கூட்டுக் குரல் அவர்களுக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது புரியும்.

கும்மியில் இதே அமைப்புக்குக் கைத்தட்டு தாளமாகிறது. பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் வட்டமாக நின்று, குனிந்தும் நிமிர்ந்தும் தட்டும்போது தோலும் மரமும் இல்லாமலே வாத்தியம் உண்டாகிறது. ஒப்பாரியில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்துத் தலைகளை ஒன்றாக்கி அமர்ந்து மாறி மாறி அழுகிறார்கள். செஞ்சி வட்டாரத்தில் ஆய்வு செய்து 2005-இல் ஒப்பாரி பற்றி நூல் எழுதிய இசபெல் கிளார்க்-டிசெஸ், செத்தவருக்காக அங்கே யாரும் அழவில்லை, ஒவ்வொருத்தியும் தன் துயரைத்தான் பாடுகிறாள் என்று காட்டினார். பெரம்பலூர்ப் பெண்களிடம் சொன்னால், இதைக் கண்டுபிடிக்க ஒரு நூல் வேண்டுமா என்பார்கள். ஆனால் அந்தத் துயரைச் சொல்ல ஒருத்திக்குப் பக்கத்தில் இன்னொருத்தியின் தோள் வேண்டியிருக்கிறது. தனியே உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது அரிது.

இந்தப் பாட்டுகளில் பொருள் இல்லாத ஒலிகள் நிறைய வரும். தன்னன்னா என்றும் ஏலேலோ என்றும் தில்லாலே என்றும் கூட்டம் வாங்கும். உச்சத்தில் சொல்லே இல்லாத குலவை. அச்சிட்டவர்கள் இவற்றைச் சுருக்கிவிட்டார்கள். பெர்சி மாக்வீன் என்ற ஆட்சிப் பணி அதிகாரி சேர்த்து வைத்த பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958-இல் வந்தது. அடுத்த ஆண்டு அன்னகாமுவின் ‘ஏட்டில் எழுதாக் கவிதைகள்’. 1964-இல் நா.வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’. இந்தத் தொகுப்புகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் அச்சில் இறங்கியதும் பல குரல்கள் ஒரே குரலாகிவிடுகின்றன. யார் எடுத்தது, யார் வாங்கியது, எங்கே சிரித்தார்கள் என்பதெல்லாம் தாளில் தங்கவில்லை. ஷிரெல்ஸ் குழுவின் பின்குரல்கள் பாடிய ‘ஷா லா லா’வையும் வெறும் நிரப்பொலி என்று பலர் ஒதுக்கினார்கள். தன் காதலன்மேல் முழு நம்பிக்கை வராத ஒருத்தி முன்னே தவிக்கும்போது, பின்னே இருந்து வரும் அந்த ஒலி ‘நாங்கள் இருக்கிறோம்’ என்கிறது. சொல் வேண்டாத பேச்சு அது. குலவையின் வேலையும் அதுதான்.

பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் இருக்கிறது. திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். மதுரையை எரித்த கண்ணகி சினம் தணிந்து வந்து அமர்ந்த இடம் என்பது வட்டார நம்பிக்கை. அந்தக் கண்ணகியின் கதையில்தான் தமிழின் மிகப் பழைய பெண் பாட்டுக் குழு ஒன்று வருகிறது. கோவலன் கொலைப்பட்ட செய்தி எட்டும் முன், ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. தயிர் உறையவில்லை, எருதின் கண்ணில் நீர். மாதரி ஏழு பெண்களைக் கூட்டிக் குரவை ஆட வைக்கிறாள். அவர்களுக்கு அவள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை இடுகிறாள். வட்டத்தில் யார் எங்கே நிற்பது என்பதைச் சுர வரிசையே தீர்க்கிறது. இசை இலக்கணத்தைப் பெண்களின் உடல்களில் நிறுத்திக் காட்டிய அந்த இடத்தை ஆய்வாளர்கள் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது வேறு. அந்த ஏழு பேரின் சொந்தப் பெயர் என்ன? இளங்கோ சொல்லவில்லை.

மாணிக்கவாசகர் திருவாசகத்தில் கையாண்ட வடிவங்களைப் பாருங்கள். அம்மானை, பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், ஊசல். பெரும்பாலும் பெண்கள் கூடி விளையாடுகிற, இடிக்கிற, பறிக்கிற, ஆடுகிற பாட்டுகள். சாழலில் ஒருத்தி கேட்கிறாள், இன்னொருத்தி பதில் சொல்கிறாள். திருவெம்பாவையில் வாசலில் நிற்கும் கூட்டமும் உள்ளே படுத்திருப்பவளும் வாதாடுகிறார்கள். ஆண்டாளின் பாவைப் பாட்டிலும் அதுவே. பக்தி இலக்கியம் தெருவில் கேட்ட பெண் குழுப் பாட்டைக் கோயிலுக்குள் கொண்டுபோனது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அமெரிக்காவிலும் கறுப்பினச் சிறுமிகள் தெருவில் கைதட்டியும் கயிறு தாண்டியும் பாடிய விளையாட்டுப் பாட்டுகளின் தாளம் பெண் குழுக்களின் இசைத்தட்டுகளுக்குள் புகுந்திருக்கிறது. நாம் கும்மி கேட்டுப் பழகிய காதோடு அந்தத் தட்டுகளைக் கேட்டால் கைத்தட்டு தனியே கேட்கும்.

இனி உடையார்பாளையம். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊரின் ஜமீன்தார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசையையும் தமிழையும் ஆதரித்தவர்கள். அவர்களுடைய சபையில் இருந்தவர் கனம் கிருஷ்ணையர். அரியலூர்ப் பக்கத்துத் திருக்குன்றத்தில் பிறந்தவர், தஞ்சையில் பொப்பிலி கேசவையாவிடம் ‘கனம்’ என்ற கடினமான பாடுமுறையைக் கற்றவர். உ.வே.சாமிநாதையரின் தந்தை அவரிடம் இசை பயின்றார். அந்த நன்றியோடு உ.வே.சா. அவருடைய வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். கிருஷ்ணையரின் புகழுக்குக் காரணம் பதங்கள். பதம் என்றால் தலைவி பேச்சு. காதலன் வரவில்லை, வந்தவன் வேறொருத்தியிடம் போனான், அவனிடம் போய்ச் சொல்லு என்று தலைவி தோழியிடம் நெஞ்சைத் திறப்பதுபோல அமைந்தவை அவற்றில் பல.

இங்கேதான் எனக்கு ஒரு வேறுபாடு படுகிறது. பதத்தில் தோழி இருக்கிறாள், ஆனால் அவள் பேசுவதில்லை. தலைவியின் குரல் மட்டுமே கேட்கிறது. அதை எழுதியவரும் ஆண். சங்க அகப்பாடல்களில் அப்படி இல்லை. குறுந்தொகையைப் புரட்டினால் ‘தோழி கூற்று’ எத்தனை பாடல்கள்! தோழி தலைவனைக் கடிகிறாள், தாயிடம் பொய் சொல்கிறாள், தலைவியைத் தேற்றுகிறாள். வேளை வரும்போது வீட்டாரிடம் உண்மையை உடைத்து ‘அறத்தொடு நிற்கிறாள்’. தொல்காப்பியம் அவள் எப்போதெல்லாம் பேசலாம் என்று பட்டியலே இடுகிறது. அரசவைப் பதத்துக்கு வரும்போது அந்த வாயாடித் தோழி வாயடைத்துப்போனாள். வயலிலும் கும்மியிலும் மட்டும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

1950களின் கடைசியில் நியூயார்க்கில் நடந்ததை நான் இப்படித்தான் கேட்கிறேன்: இசைத்தட்டில் தோழி பதில் சொல்லத் தொடங்கினாள். அதற்கு முன்பும் அங்கே பெண்கள் சேர்ந்து பாடினார்கள். பாஸ்வெல் சகோதரிகள், ஆண்ட்ரூஸ் சகோதரிகள் என்று உடன்பிறந்தார் குழுக்கள் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பெரும்புகழ் பெற்றன. மூவரும் ஒட்டிய குரலில் இழைந்து பாடினார்கள். ஐம்பதுகளின் கடைசியில் வந்தவர்களில் பலர் உடன்பிறந்தவர்கள் அல்லர், பள்ளித் தோழிகள். பிராங்ஸ் பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் பாடகர் குழுவில் லத்தீன் கீதம் பாடிப் பழகிய ஐந்து பெண்கள் ‘சாண்டெல்ஸ்’ ஆனார்கள். அவர்கள் 1957-இல் பதிவு செய்த ‘மேபி’யில் ஆர்லின் ஸ்மித்தின் குரல் கோயிலில் மன்றாடுவதுபோலவே காதலனிடம் மன்றாடியது. பின்குரல்கள் கோயில் குழுவாகவே நின்றன.

அதே ஆண்டு ஹார்லெம் பள்ளிச் சிறுமிகள் ஐந்து பேர் தங்களுக்குப் பிடிக்காத ஆசிரியர் ஒருவரைக் கேலி செய்து கட்டிய பாட்டோடு அட்லாண்டிக் நிறுவனத்துக்கு வந்தார்கள். ‘பாபெட்ஸ்’ என்பது குழுவின் பெயர். நிறுவனம் பாட்டை மாற்றச் சொன்னது. கேலி போய் ஆசிரியர் அழகர் ஆனார். ‘மிஸ்டர் லீ’ என்ற அந்தத் தட்டு நாடு முழுவதும் விற்றது. மேஸ்திரியைக் கிண்டல் செய்த நடவுப் பாட்டு இசைத்தட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிறுமிகள் 1960-இல் அதே ஆசிரியரைச் சுட்டுவிட்டதாக இன்னொரு பாட்டு பாடினார்கள் என்பது மனதுக்குக் கொஞ்சம் நிறைவு தருகிறது.

ஷிரெல்ஸ் பெண்கள் நால்வர்: ஷர்லி ஓவன்ஸ், டோரிஸ் கோலி, ஆடி ஹாரிஸ், பெவர்லி லீ. பள்ளிக் கலை நிகழ்ச்சியில் அவர்கள் பாடியதைக் கேட்ட வகுப்புத் தோழி ஒருத்தி விடாமல் வற்புறுத்தித் தன் தாயிடம் கூட்டிப்போனாள். அந்தத் தாய், ஃப்ளாரன்ஸ் கிரீன்பெர்க், இல்லத்தரசியாக இருந்து இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியவர். 1961-இல் முதலிடம் பெற்ற பாட்டை எழுதியவர்கள் கேரல் கிங், ஜெரி காஃபின் என்ற இளம் தம்பதி. நாட்டுப்புறப் பாணியாக இருக்கிறதே என்று முதலில் தயங்கிய ஷர்லி, நரம்பிசை சேர்ந்ததும் மனம் மாறினார். உடலைக் கொடுத்த பிறகு விடியும்போது அன்பு நிற்குமா என்ற கவலையை ஒரு பெண் வெளிப்படையாகக் கேட்கும் பாட்டு அது. களவு நீளும்போது நம் தலைவிக்கு வரும் அச்சமும் அதே அச்சம்தான்.

தோழியின் குரல் முழுமையாக வெளியே வந்தது 1964-இல், ஷாங்ரி-லாஸ் என்ற வெள்ளையினப் பெண்களின் குழுவில். மோட்டார் சைக்கிள் கூட்டத்துத் தலைவனைக் காதலித்தவள் பற்றிய அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டு, தோழிகள் அவளைக் கேள்வி கேட்கும் உரையாடலோடு தொடங்குகிறது. வீட்டார் எதிர்ப்பு, பிரிவு, சாவு எல்லாமே தோழிகள் கேட்க அவள் சொல்லும் பதிலாக வருகின்றன. அகத்திணை படித்தவர்களுக்கு அதன் துறையைச் சொல்வது கடினமாக இருக்காது.

நம் பக்கம் கிராமபோன் வந்தபோது கதை வேறு விதமாகப் போனது. பெண் குரலைத்தான் தட்டுகள் முதலில் தேடின. இசை வேளாளர் மரபில் வந்த பெண்களே துணிந்து பாட முன்வந்தார்கள். வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தா, முக்தா சகோதரிகள் குடும்பப் பாடாந்தரத்தில் பதங்களைக் காப்பாற்றிப் பாடினார்கள். உடையார்பாளையத்துக் கனம் கிருஷ்ணையரின் பதங்களும் அந்தக் குடும்பத்தின் வழியாகத்தான் இருபதாம் நூற்றாண்டின் காதுக்கு வந்தன. ஆண் எழுதிய தலைவி பேச்சை இரண்டு பெண்கள் ஒன்றாகப் பாடினார்கள். அதற்குப் பின் ராதா–ஜெயலட்சுமி, சூலமங்கலம் சகோதரிகள், பம்பாய் சகோதரிகள். சூலமங்கலம் ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும் பாடிய கந்த சஷ்டி கவசத்தோடு விடியாத முருகன் கோயில் நம் வட்டாரத்தில் உண்டா? செட்டிகுளம் மலையிலிருந்து தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை அந்த இரு குரல்களே காலையைத் தொடங்கி வைக்கின்றன.

இவர்களில் ராதாவும் ஜெயலட்சுமியும் உடன்பிறந்தவர்கள் அல்லர், உறவினர்கள். ஆனால் மேடைக்கு வந்த பெண் இணைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே குடும்பம். இதற்கு இசைக் காரணம் உண்டு: ஒரே வீட்டில், ஒரே குருவிடம் பாடம் கேட்ட குரல்கள் இயல்பாக ஒட்டும். அதைவிடப் பெரிய காரணம் ஊர் வாய். தனியே மேடை ஏறும் பெண்ணுக்குக் கிடைக்காத மரியாதை ‘சகோதரிகள்’ என்ற சொல்லுக்குக் கிடைத்தது. ரயிலில் போகவும் இரவில் கச்சேரி முடித்துத் திரும்பவும் அந்தச் சொல் துணை வந்தது. உறவில்லாத நான்கு தோழிகள் சேர்ந்து ஊர் ஊராகப் போய்க் காதல் பாட்டு பாடினால் அவர்களுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்பதை நம் பாட்டிகளிடம் கேட்க வேண்டியதில்லை. இதோடு இசை வடிவமும் மாறியது. சகோதரிகள் ஒன்றாகப் பாடினார்கள் அல்லது முறை வைத்து ஒரே பாட்டைப் பகிர்ந்தார்கள். ஒருத்தி கேட்க மற்றவள் பதில் சொல்லும் சாழல் அங்கே இல்லை.

தோழிகள் போய்ச் சேர்ந்த இடம் சினிமாவின் கோரஸ். கதாநாயகியைச் சுற்றித் தோழிகள் ஆடாத படம் அந்நாளில் குறைவு. ஆடியவர்களுக்காகப் பாட, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு மூலையில் ஒரே ஒலிவாங்கி முன் நான்கைந்து பெண்கள் நின்றார்கள். எல்.ஆர்.ஈஸ்வரி வந்தது அந்த மூலையிலிருந்துதான். அவருடைய தாயும் கோரஸ் பாடியவர். மகளும் அம்மாவோடு நின்று கோரஸ் பாடினார். 1958-இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி.மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். மூன்று ஆண்டு கழித்து, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில், கண்ணதாசன் வரிகளில், அந்த மணப்பெண் பாட்டு. பின்னால் நின்றவர் முன்னால் வந்து, பின்னால் நிற்கும் பெண்களோடு பாடிய பாட்டு அது. அதனால்தான் அதில் முன்குரலும் பின்குரலும் அவ்வளவு உரிமையோடு ஒன்றையொன்று தொடுகின்றன என்று நினைக்கிறேன். அதில் பேசுபவள் தலைவி அல்ல. மணப்பெண் வாய் திறப்பதில்லை, தோழிதான் பாடுகிறாள். பதத்தில் வாயடைத்துப்போன தோழி, கல்யாணப் பந்தலில் தன் குரலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். நடவு வயலில் இருபது பெண்கள் செய்துகொண்டிருந்ததை ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டது. ஈஸ்வரியின் பெயர் நிலைத்தது. மற்றவர்கள் குழுவினர்.

பெயர் பறிபோவது அமெரிக்காவிலும் நடந்தது, இன்னும் கொடுமையாக. மார்வலெட்ஸ் என்ற மிச்சிகன் மாநிலப் பள்ளிப் பெண்களின் தபால்காரர் பாட்டு 1961 டிசம்பரில் மோடவுன் நிறுவனத்துக்கு அந்தப் பட்டியலில் முதல் முதலிடத்தை வாங்கித் தந்தது. அந்தப் பெண்களின் இசைத்தட்டு உறையில் அவர்கள் படம் இல்லை, ஒரு தபால் பெட்டியின் படம் இருந்தது. 1962-இல் பில் ஸ்பெக்டர் தயாரித்த ஒரு பாட்டு கிரிஸ்டல்ஸ் குழுவின் பெயரில் வெளிவந்து முதலிடம் பிடித்தது. அதைப் பாடியவர்கள் டார்லின் லவ்வும் பிளாசம்ஸ் குழுவும். நியூயார்க்கில் இருந்த கிரிஸ்டல்ஸ் பெண்கள் தாங்கள் பாடாத பாட்டுக்கு மேடையில் நிற்க வேண்டியதாயிற்று. பாடியவர்களுக்குப் பெயர் இல்லை, பெயர் போட்டவர்களுக்குக் குரல் இல்லை. பிறர் பாட்டுகளுக்குப் பின்குரல் கொடுத்தே வாழ்ந்த டார்லின் லவ் போன்றவர்களின் கதையை 2013-இல் ஓர் ஆவணப்படம் சொல்ல வேண்டியிருந்தது.

பணத்தின் கதையும் அப்படியே. 21 வயதில் கிடைக்கும் என்று நம்பியிருந்த சேமிப்பு இல்லை என்று அறிந்து ஷிரெல்ஸ் பெண்கள் நிறுவனத்தோடு வழக்காடினார்கள். அது 1965-இல் சமரசத்தில் முடிந்தது. ரோனெட்ஸ் என்ற இன்னொரு குழுவின் பெண்கள் 1963-இல் போட்ட ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கிடைத்த முன்பணம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 15,000 டாலர். பாட்டுகள் அரை நூற்றாண்டாகப் படங்களிலும் விளம்பரங்களிலும் ஒலித்துக்கொண்டிருந்தன. 2002-இல் நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், தட்டு விற்பனைக்கான உரிமத்தொகையை அவர்களுக்குத் தர வேண்டும் என்றது. ஆனால் பதிவுகளின் உரிமை ஒப்பந்தப்படி தயாரிப்பாளருடையதுதான் என்றும் சொன்னது. கையெழுத்துப் போடும்போது அவர்கள் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள், வழக்கறிஞர் துணை இல்லாதவர்கள்.

நம் ஊரில் நாட்டுப்புறக் குரல்கள் பதிவுக்கு வந்தபோதும் தனிக்குரல்களாகவே வந்தன. கொல்லங்குடி கருப்பாயி ‘ஆண் பாவம்’ படத்தில், பரவை முனியம்மா ‘தூள்’ படத்தில் என்று ஒவ்வொருவராக. அவர்கள் பெயர் நிலைத்தது பெரிய விஷயம். ஆனால் அவர்களுக்குப் பின்பாட்டு பாடிப் பாடி அவர்களைப் பாட்டுக்காரிகளாக ஆக்கிய ஊர்ப் பெண்கள் ஊரிலேயே இருந்துவிட்டார்கள்.

உறவால் கட்டப்படாத பெண்கள், குழுவாகவே, குழுவின் பெயரிலேயே தமிழ் மேடையில் ஏறியது எப்போது என்று தேடினால் என் கண் திண்டுக்கல்லில் நிற்கிறது. 1990-இல் சகோதரி சந்திரா அங்கே தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்கள் சாவுக்கு அடிக்கப் பணிக்கப்பட்ட கருவி அது. சாதி சுமத்திய இழிவையும் பெண் தொடக்கூடாது என்ற தடையையும் ஒரே அடியில் எதிர்கொண்ட ஆட்டம் அது. அவர்களில் முன்னே நிற்பவள் மாறிக்கொண்டே இருக்கிறாள். ஒருத்தி அடவைக் கொடுக்க, வரிசை அதை வாங்குகிறது. திருமானூர் வயலில் பார்த்த அதே ஒழுங்கு, இப்போது நிமிர்ந்து நின்று.

வயலில் அந்த ஒழுங்கு வேகமாகக் குறைகிறது. நடவு எந்திரம் வந்த இடத்தில் இருபது பெண்களின் வேலையை இருவர் முடிக்கிறார்கள். எந்திரச் சத்தத்துக்கு மேல் பாட்டு எடுக்க முடியாது. முதுகு ஒடிய நட்ட பெண்களிடம் போய் இதற்காக வருந்தச் சொல்வது அநியாயம். ஆனால் பாட்டு எடுத்துக் கொடுக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை அரியலூர், பெரம்பலூர்க் கிராமங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கையில் ஒலிப்பதிவுக் கருவி இல்லாத வீடும் இப்போது இல்லை. பதிவு செய்பவர்கள் பாட்டு எடுப்பவளை மட்டும் நெருங்கிப் பிடிக்காமல், வாங்குகிறவர்களுக்கும் ஒலிவாங்கி வைக்க வேண்டும். ஒவ்வொருவர் பெயரையும் அவர்கள் சம்மதத்தோடு கேட்டு எழுத வேண்டும்.

2022–23 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் தனிப்பாட்டும் உண்டு, குழுப்பாட்டும் உண்டு. ஜெயங்கொண்டத்திலோ வேப்பந்தட்டையிலோ ஒரே வகுப்பில் படிக்கும் நான்கு பெண்கள், வேறு எந்த உறவும் இல்லாமல், பாடப் பிடிக்கும் என்பதாலேயே அந்த மேடையில் சேர்ந்து நிற்க முடியும். பசேயிக் பெண்கள் வந்ததும் இப்படியொரு பள்ளி மேடை வழியாகத்தான். 1958-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் பாட்டை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்த பையன் ஒருவனைப் பற்றி, வாரத்தின் நாட்களை வைத்து, கைதட்டிக்கொண்டு அவர்களே கட்டியது. ஆளுக்கு ஓர் அடியாக முறை வைத்துப் பாடுகிறார்கள், மற்ற மூவரும் வாங்குகிறார்கள். அதை எழுதியவர்கள் என்று ஓவன்ஸ், கோலி, ஹாரிஸ், லீ என நான்கு பெயர்களும் பதிவாகியிருக்கின்றன.